மறுபடியும் புற்றுநோய் என்று சொன்ன பிறகு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெரு அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "பிள்ளே, எனக்கு மறுபடியும் வந்திருக்குன்னு டாக்டர் சொல்லியாச்சு. நீ ரெண்டாவது தடவ எப்பிடித் தாங்கின?" அந்த வாசலில் நின்று என்ன சொல்ல முடியும், "பயப்படாதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் எனக்கு ரெண்டாவது தடவை வந்தபோது எல்லாரும் என்னிடம் சொன்னதும் அதே வார்த்தைதான், அது ஒரு நாள்கூட எனக்கு உதவவில்லை. அந்த அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

2012-இல் எனக்கு இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன், அப்புறம் 5 வருஷம் டமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. வருஷா வருஷம் மாமோகிராம், ஒன்றைக்கூட விடவில்லை. 2022-இல் எடுத்த படத்தில் வலது பக்கம் பயறு அளவு ஒரு புள்ளி தெரிந்தது, அதுதான் ரெண்டாவது.

முதல் வாரம் முடிவெடுக்கிற வாரம் இல்லை

முதல் தடவை பயம் இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பிடிமானமும் இருந்தது: சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் போய்விடும். ரெண்டாவது தடவை உடைவது அந்தப் பிடிமானம்தான். "எல்லாம் சரியாத்தானே செய்தேன், பின்னே ஏன்?" இந்தக் கேள்வியோடு நான் எத்தனை இரவு கிடந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. என் வீட்டுக்காரர் காலை 4 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அந்த வாரம் முழுக்க அவர் எழுந்து, லைட்டைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். ரெண்டு பேரும் பேசவில்லை. அது போதுமாக இருந்தது.

அதனால் முதலில் சொல்வது இது: அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் கோபப்படுங்கள், ஜெபிக்க மனம் வரவில்லை என்றால் அதற்காகக் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம். முந்தின தடவை தைரியமாக இருந்தீர்கள் என்பதற்காக இந்தத் தடவையும் தைரியமாக இருந்து காட்ட வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

"எதனால் வந்தது" என்கிற கேள்வியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெண்டாவது புற்றுநோய்க்குப் பரம்பரை மரபணு காரணமாக இருக்கலாம், வயது காரணமாக இருக்கலாம், புகையிலை போல ரெண்டுக்கும் பொதுவான காரணம் இருக்கலாம், சில சமயம் பழைய சிகிச்சையே காரணமாக இருக்கலாம், பல பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது. நம் கடற்கரையில் மணலைக் காரணமாகச் சொல்வார்கள். மணவாளக்குறிச்சியில் இருப்பது போன்ற, கதிர்வீச்சு வரும் தோரியம் கலந்த மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவரவில்லை. இது நம் ஊரில் இன்னும் வாக்குவாதம் நடக்கிற விஷயம் என்று எனக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்வது, உங்கள் ஒருவர் உடம்பில் வந்ததற்கு இதுதான் காரணம் என்று யாராலும் விரலை நீட்டிக் காட்ட முடியாது, மணலையும் சரி, உங்களையும் சரி. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராக இருந்தால் இப்போது நிறுத்துங்கள், இனி எடுக்கப்போகும் சிகிச்சைக்கே அது உதவும். ஆனால் பழசை நினைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்வதால் ஒரு செல்லும் சாகப்போவதில்லை.

"அவசரம், நாளைக்கே அட்மிட் ஆகணும்" என்று வீட்டில் எல்லாரும் பரபரப்பார்கள். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "நான் எத்தனை நாள் யோசிக்கலாம்?" மார்பு போன்ற பல கட்டிகளில் யோசிக்கவும் இன்னொரு டாக்டரைப் பார்க்கவும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். அக்யூட் லுக்கேமியா மாதிரியான ரத்தப் புற்றில் அந்த நேரம் கிடையாது. திடீரென்று கால் பலமில்லாமல் போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, மூச்சுத் திணறல், இதெல்லாம் வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி யோசிக்க நேரம் கேட்பது உங்கள் உரிமை.

பழசா, புதுசா?

"திரும்ப வந்திருக்கு" என்ற ஒரே வார்த்தையில் ரெண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பழைய புற்றின் செல்களே எங்கோ பதுங்கியிருந்து திரும்ப வளர்வது. இன்னொன்று, பழசுக்குச் சம்பந்தமே இல்லாமல் புதிதாக ஒன்று தொடங்குவது. ரெண்டுக்கும் சிகிச்சை வேறு, எதிர்பார்ப்பு வேறு. நான் பத்து நாள் "பரவிடுச்சு" என்று நினைத்துச் செத்துப் பிழைத்தேன், பயாப்ஸி முடிவு வந்த பிறகுதான் என்னுடையது புதியது, ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பத்து நாளில் யாராவது ஒருவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆகவே முடிந்தவரை புதிதாகப் பயாப்ஸி எடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். பழைய மார்புப் புற்றே திரும்ப வந்திருந்தாலும், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஹார்மோன், ஹெர்2 பரிசோதனை முடிவுகள் மாறியிருக்கலாம், மருந்தும் அதற்கேற்ப மாறும்.

இதற்குப் பழைய காகிதங்கள் வேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம். எங்கள் வீட்டில் பீரோவுக்கு மேலே, கல்யாண ஆல்பத்துக்கு அடியில், ஒரு துணிக்கடைப் பையில் 2012 காகிதமெல்லாம் இருந்தது. பாதி எழுத்து மங்கி, ஓரத்தைக் கரையான் அரித்து, ஒரு பக்கத்தில் மட்டும் கீமோ மருந்துகளின் பேரும் அளவும் படிக்கும்படியாக மிச்சம். அந்த ஒரு பக்கம்தான் எனக்கு உதவியது. வார்டில் நாங்கள் "செவப்பு மருந்து" என்று சொல்வோமே, டாக்ஸோருபிசின், அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. பத்து வருஷத்துக்கு முன் எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் இப்போது எவ்வளவு ஏற்றலாம் என்று டாக்டரால் சொல்ல முடியாது. ரேடியேஷனும் அப்படியே, ஒரே இடத்தில் ரெண்டாவது தடவை கொடுப்பதற்கு முன் பழைய கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ரேடியேஷன் விவரம் மூன்றும் இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் எழுதிக் கேளுங்கள். பயாப்ஸி எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்துப் பல வருஷம் வைத்திருப்பார்கள், "பிளாக்" என்று சொன்னால் லேபில் புரியும், அதையும் கேட்டு வாங்கலாம்.

காகிதம் சேகரிப்பதை மனசுக்கும் ஒரு மருந்தாகவே சொல்கிறேன். அந்த நாட்களில் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

என்ன கேட்க வேண்டும், எப்படி முடிவெடுக்க வேண்டும்

டாக்டர் அறையில் நமக்கு வாய் அடைத்துப்போகும். நான் என் மகளின் பழைய ரெக்கார்டு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன், ரெண்டாவது சந்திப்பில் டாக்டரே நோட்டை வாங்கிப் பக்கத்தில் பதில் எழுதித் தந்தார். அதில் முதல் கேள்வி இதுதான், உங்களுக்கும் இதுதான் முதலாக இருக்க வேண்டும்: இந்தச் சிகிச்சை எதற்காக, முழுசாகக் குணமாக்கவா, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி வைக்கவா, வலியையும் தொந்தரவையும் குறைக்கவா? இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், என்னைப் போன்ற 100 பேருக்கு இதைக் கொடுத்தால் எத்தனை பேருக்குப் பலன் கிடைக்கும்? இதை எடுக்காவிட்டால் என்ன ஆகும்? சிகிச்சை நாட்களில் என் ஒரு நாள் எப்படி இருக்கும், சமைக்க முடியுமா, வேலைக்குப் போக முடியுமா? இது கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன? என்னுடைய கேஸை மற்ற டாக்டர்களோடு சேர்ந்து டியூமர் போர்டில் பேசினீர்களா?

எனக்கு ரெண்டு வழி சொன்னார்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன், அல்லது மார்பை முழுசாக எடுத்துவிடுவது. எல்லாவற்றையும் எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். ஆரம்ப நிலை மார்புப் புற்றில் ரெண்டு வழியிலும் உயிரோடு இருப்பவர்களின் அளவு ஒன்றுதான் என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருஷம் பெண்களைப் பின்தொடர்ந்து 2002-இல் ஆய்வுகள் வெளியாகிவிட்டன. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டாக்டர் "இதுதான்" என்று ஒன்றைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன், இப்போது நானே யோசிக்க வேண்டுமே.

நாலு நாள் யோசித்தேன். முதல் தடவை ரேடியேஷனுக்கு வாரத்துக்கு 5 நாள், 5 வாரம், மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்து, களியக்காவிளையில் கேரள எல்லை தாண்டி, வேர்வையில் தோல் எரிய எரியப் போய்வந்தது ஞாபகம் வந்தது. வயது 54, ஒரு பக்கம் ஏற்கெனவே இல்லை. முழுசாக எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அக்குள் நெறிகட்டியில் பரவியிருந்தால் அப்போதும் ரேடியேஷன் வேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள், நல்லவேளை வேண்டியிருக்கவில்லை. அதே வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் குளச்சல்காரி ஒருத்தி, என்னைவிட 15 வயது சின்னவள், அவள் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னாள். "எனக்கு இது வேணும் அக்கா" என்றாள், அவ்வளவுதான். ரெண்டு பேர் முடிவும் சரி. முதல் தடவை உங்களுக்கு உங்கள் உடம்பு என்ன செய்யும் என்று தெரியாது. இப்போது தெரியும். எந்த மருந்துக்கு வாந்தி நிற்கவில்லை, எத்தனையாவது நாள் வாய்ப்புண் வந்தது, எது தாங்க முடிந்தது, எது முடியவே முடியாது, இதெல்லாம் டாக்டரின் கம்ப்யூட்டரில் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அதை மேஜையில் எடுத்து வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கிவிடக்கூடும் என்று அந்தக் கையில் ஊசியும் பிரஷரும் வேண்டாம் என்பார்கள். அப்படியானால் ரெண்டு அக்குளிலும் நெறிகட்டி எடுத்தவர்களுக்கு ஊசி எந்தக் கையில் போடுவது, பிரஷர் எந்தக் கையில் பார்ப்பது? ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் பிள்ளை பிரஷர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் இடது பக்கம் வந்து, நான் தலையாட்ட, வலது பக்கம் போய், அங்கேயும் தலையாட்ட, நடுவில் நின்று விழித்தது. கடைசியில் காலில் பார்த்தார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், எல்லா நெறிகட்டியையும் எடுக்காமல் முதல் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை உங்களுக்குச் சரிவருமா என்பதையும் கேளுங்கள், கை வீக்கம் வருவது அதில் குறைவு.

இன்னொரு டாக்டரிடம் கேட்பது முதல் டாக்டருக்குச் செய்கிற அவமரியாதை இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, நெய்யூர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒன்றரை ரெண்டு மணி நேரத்தில் 1981 முதல் இயங்கும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தூரம் பரவாயில்லை என்றால் சென்னையில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஆனால் ரெண்டு இடத்தோடு நிறுத்துங்கள், ஐந்து இடத்தில் கேட்டால் ஐந்து கலர் ஃபைலும் குழப்பமும்தான் மிஞ்சும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் நீங்கள் போகிற ஆஸ்பத்திரியில், முக்கியமாக கேரள எல்லை தாண்டிப் போகிறபோது, உங்கள் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று முதல் நாளே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சலுகைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

வைத்தியர்களும் ஆசான்மார்களும் நிறைந்த ஊர் நம்முடையது. முள்ளுச்சீத்தா இலை, அந்த மூலி, இந்த லேகியம் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள், அன்பில்தான் கொண்டுவருகிறார்கள். கீமோ எடுக்கும்போது அவற்றில் சில ஈரலைக் கெடுக்கும், சில மருந்தின் வேலையைத் தடுக்கும். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், திட்டினால் திட்டட்டும்.

வீடு, தெரு, சொந்தம்

முதலில் குடும்பத்தாருக்கு: "அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று வாசலில் நின்று பேசாதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை கடந்து வந்த ஆளுக்கு உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவரும் தெரியாத மாதிரி நடிப்பார், கடைசியில் ஒரே வீட்டில் எல்லாரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு.

தெருவுக்குச் செய்தி சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என் நாத்தனார். யார் போன் பண்ணினாலும் "மைனி தூங்குகா, நான் சொல்லுகேன்" என்று அவளே பேசி முடித்துவிடுவாள். பார்க்க வருகிறவர்கள் "எனக்க சித்திக்கும் இப்பிடித்தான், ஆறே மாசம்" என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, வயதில் மூத்தவராக இருந்தாலும் சரி. உதவி கேட்கிறவர்களுக்குக் குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று போனவர்கள் திரும்ப வரவில்லை, "செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஞ்சியும் பயறும் கொண்டுவாருங்க" என்று நான் சொன்னவர்கள் எட்டு வாரம் தவறாமல் கொண்டுவந்தார்கள்.

கஷ்டமான ஒன்று, பெண்பிள்ளைகளின் கல்யாணம். என் மகளுக்கு அப்போது சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு ரெண்டு மார்பிலும் என்றால் பரம்பரை சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுப் பரிசோதனையை டாக்டர் எழுதினார். சொந்தக்காரர்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள், மகள்தான் வேண்டும் என்றாள். முடிவு என்ன வந்தது என்பது அவளுடைய விஷயம், இங்கே எழுதவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள், அந்த மரபணு மாற்றம் அப்பா வழியிலும் வரும், ஆண்பிள்ளைகளுக்கும் போகும், இருந்தால் புற்றுநோய் கட்டாயம் வரும் என்றும் அர்த்தமில்லை. சீக்கிரமே கண்காணிப்பைத் தொடங்கலாம் என்றுதான் அர்த்தம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் விளக்கிச் சொல்லும் ஆலோசனை இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

மனசுக்கும் டாக்டர் உண்டு

ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அது பலவீனமில்லை, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, எந்த நேரமும், இலவசமாகப் பேசலாம். 104 எண்ணும் இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. நான் மூன்று மாதம் மாத்திரை எடுத்தேன், சொல்ல வெட்கமில்லை. டமோக்சிஃபென் எடுக்கிறவர்கள் அதை மனநல டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பராக்ஸெடின், ஃபுளூவாக்ஸெடின் போன்ற சில மன அழுத்த மாத்திரைகள் டமோக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும், வேறு மாத்திரை தருவார்கள்.

குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்களிடம் நான் பெரிய ஆள் மாதிரி பேச மாட்டேன், என் நிலை அதுவல்ல. ஒன்று மட்டும், வலியையும் தொந்தரவையும் குறைக்கிற பாலியேட்டிவ் சிகிச்சை என்பதைக் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்கு அதை ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தபோது அவர்கள் மனச்சோர்வு குறைந்து, கூடுதல் நாளும் வாழ்ந்ததாக 2010-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மார்ஃபின் மாத்திரை என்றால் எல்லாம் முடிந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், டாக்டர் சொல்கிற அளவில் எடுத்தால் அது வலியை எடுத்துவிட்டு மனிதரை எழுந்து உட்காரவைக்கிற மருந்து. திருவனந்தபுரத்தில் 2003 முதல் பாலியம் இந்தியா என்ற அமைப்பு இதற்கென்றே வேலை செய்கிறது, நம் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், கிராம சுகாதார நர்ஸிடம் பேரைக் கொடுங்கள். ஒரு கட்டத்தில் "போதும், இனி கீமோ வேண்டாம்" என்று நோயாளி தெளிவாகச் சொன்னால், தோல்வி என்று அதைப் பார்க்காமல் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு செக்கப் நாட்கள் வரும், அதற்கு ஒரு வாரம் முன்பே வயிற்றைக் கலக்கும். ரெண்டு தடவை வந்தவர்களுக்கு அந்தக் கலக்கம் போய்விடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு உதவுவது இவ்வளவுதான்: தேதியை வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்வேன், தனியாகப் போக மாட்டேன், முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் வழியில் இறங்கி ஒரு சாயாவும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த பஸ். இப்போதெல்லாம் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது, பெரும்பாலும் ராத்திரியில். அதை அப்போதே திறக்காதீர்கள். காலையில், விளக்கிச் சொல்ல டாக்டர் கிடைக்கிற நேரத்தில், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது திறங்கள்.